சலிவனின் இரண்டு கட்டடங்கள்: வெயின்ரைட்டும் கேரண்டியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1891இல் எழுந்தது வெயின்ரைட் கட்டடம். பஃபலோ நகரில் 1896இல் எழுந்தது கேரண்டி கட்டடம். இரண்டையும் வடிவமைத்தவர் லூயி சலிவன். கட்டடக்கலை வரலாற்றுப் புத்தகங்களில் இவற்றின் படங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். சிவப்பு நிறம், நெட்டுக்குத்தான தூண்கள், உச்சியில் வட்ட ஜன்னல்கள் என்று பார்த்ததும் அண்ணன் தம்பி என்று முடிவுகட்டிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நானும் பல காலம் அப்படித்தான் புரட்டினேன். இடையில் இருக்கும் ஐந்தே ஆண்டுகளில் சுவர் என்பதைப் பற்றிய சலிவனின் எண்ணமே மாறிவிட்டது என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டும் எங்கே இருக்கின்றன? எவ்வளவு உயரம்?

வெயின்ரைட், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில், ஏழாவது தெருவும் செஸ்ட்நட் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கிறது. 10 தளங்கள், ஏறக்குறைய 45 மீட்டர். கேரண்டி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், சர்ச் தெருவும் பேர்ல் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கிறது. 13 தளங்கள், ஏறக்குறைய 46 மீட்டர். மூன்று தளம் கூடியும் உயரம் பெரிதாகக் கூடவில்லை.

தள எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்கள் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணுவார்கள். நாம் தரைத்தளத்தை விட்டுவிட்டு அதற்கு மேலிருந்து எண்ணிப் பழகியவர்கள். இந்தப் பக்கம் முழுவதும் அமெரிக்க எண்ணிக்கைதான்.

உலகின் முதல் வானளாவிகள் இவைதானா? பத்து மாடியை வானளாவி என்று சொல்வது பொருந்துமா?

முதல் வானளாவிகள் என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டத்தை வழக்கமாகச் சிகாகோவின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள். வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்து 1885இல் முடிந்த அந்தக் கட்டடமும் பத்து மாடிதான், 1931இல் இடிக்கப்பட்டது. அதற்கே அந்தப் பட்டம் தகுமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது.

பத்து மாடி என்றால் இன்று யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். 1891ஆம் ஆண்டில் நின்று பார்க்க வேண்டும். மனிதர் படியேறிப் போகச் சம்மதிக்கும் உயரம் ஐந்தாறு மாடியோடு நின்றுவிடும். கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட்டை எலிஷா ஓடிஸ் செய்து காட்டி, அது 1857இல் நியூயார்க் கடையொன்றில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய பிறகுதான் மேல் மாடிக்கும் வாடகை வந்தது. அடுத்து வந்தது எஃகு. கட்டடத்தின் எடையைச் சுவர் தாங்காமல் எஃகுத் தூண்களும் விட்டங்களும் கொண்ட கூடு தாங்கும் முறை 1880களில் சிகாகோவில் உருவானது. இந்த இரண்டும் சேர்ந்த உடம்புதான் வானளாவி. மாடிக் கணக்கை வைத்து அதை அளக்க முடியாது.

முன்பே உயரக் கட்டடங்கள் இருந்தன என்றால், சலிவனுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

எஃகுக் கூடு வந்துவிட்டது. அதற்கு எப்படி உடுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்துச் சிகாகோ, நியூயார்க் கட்டடங்களின் படங்களைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். இரண்டு மாடிக்கு ஒரு பட்டை, அதன்மேல் இன்னொரு வரிசைத் தூண், மறுபடியும் ஒரு பட்டை, மேலே ஒரு முக்கோண முகப்பு என்று, சிறிய மாளிகைகளை ஒன்றின் தலையில் ஒன்றாகத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். உயரத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, அதைத் துண்டு துண்டாக வெட்டி மறைத்தார்கள். கண் ஒவ்வொரு பட்டையிலும் தடுக்கி நிற்கும்.

உயரமான கட்டடம் உயரமாகத் தோன்ற வேண்டும் என்பதைக் கட்டிக் காட்டியவர் சலிவன். கேட்டால் சாதாரணமாகத் தோன்றும் அந்த எண்ணத்தை வெயின்ரைட்டுக்கு முன் இத்தனை தெளிவாக யாரும் கல்லிலும் செங்கல்லிலும் சொல்லவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஃபிராங்க் லாயிட் ரைட், பிற்காலத்தில் கட்டடக் கலைஞராக உலகப் புகழ் பெற்ற பிறகும், உயரமான எஃகு அலுவலகக் கட்டடம் கட்டடக்கலையாக மாறிய முதல் இடம் வெயின்ரைட்தான் என்று எழுதினார்.

வெயின்ரைட்டில் அவர் செய்தது என்ன?

கீழிருந்து மேலே போவோம். அடியில் சிவப்புக் கருங்கல் பாதம். அதற்கு மேல் முதலிரண்டு தளங்களுக்கும் பழுப்பு மணற்கல். வழுவழுப்பான, அதிக அலங்காரமில்லாத சுவர்; பெரிய ஜன்னல்கள்; கடைகளும் வங்கிகளும் வரக்கூடிய இடம். இரண்டாம் தளத்துக்கு மேலே ஒரு விளிம்பு ஓடுகிறது. அதுவரை கட்டடம் கிடையாகத்தான் படுத்திருக்கிறது.

அந்த விளிம்பைத் தாண்டியதும் எல்லாம் எழுந்து நிற்கிறது. மூன்றாம் தளத்திலிருந்து ஒன்பதாம் தளம் வரை, ஏழு மாடிகளுக்கு, செங்கல் தூண்கள் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் மேலே போகின்றன. ஜன்னல்கள் தூண்களுக்குப் பின்னால் உள்வாங்கியிருக்கின்றன. ஒரு ஜன்னலுக்கும் அதன் மேல் ஜன்னலுக்கும் நடுவில் சிவப்புச் சுடுமண் பலகம். அதுவும் தூணைவிடச் சற்று உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே கிடைக்கோடு எதுவும் நெடுங்கோட்டைக் குறுக்கே வெட்டவில்லை. கண் கீழே தொட்டால் மேலேதான் போக வேண்டும். வேறு வழியை அவர் வைக்கவில்லை.

பலகங்களை உற்றுப் பாருங்கள். ஒரே தளத்தில் எல்லாப் பலகங்களும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்த தளத்துக்குப் போனால் இலைக்கொடி வேறு மாதிரி சுருண்டிருக்கும். உள்ளே எல்லாத் தளமும் ஒரே அச்சில் வார்த்த அலுவலக அறைகள். வெளியே அவற்றுக்கு ஒரே அளவு, ஒரே வரிசை கொடுத்துவிட்டு, தளத்துக்கு ஒரு பூவேலை கொடுத்திருக்கிறார். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகப் பிடித்தது இதுதான்.

உச்சியில் பத்தாம் தளம் முழுவதும் ஒரே பட்டையாக, பெரிய இலைச்சுருள்கள் அடர்ந்து, அவற்றின் நடுவே சிறிய வட்ட ஜன்னல்கள் எட்டிப் பார்க்கின்றன. அதன்மேல் தட்டையான கனத்த கூரை விளிம்பு வெளியே நீண்டு, எழுந்து வந்த அத்தனை கோடுகளையும் ஒரே அடியாக நிறுத்திவிடுகிறது.

வெயின்ரைட்டின் தூண்களில் பாதி பொய் என்று சொல்கிறார்களே?

உண்மைதான். வெளியே தெரியும் செங்கல் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் உள்ளே எஃகுத் தூண் இருக்கிறது. இடையில் இருப்பவற்றுக்குள் எஃகு இல்லை; ஆனால் பருமனில் வேறுபாடு இல்லாததால், எது சுமக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மூலைத் தூண்கள் இன்னும் தடிமன். கட்டடத்தின் எடை முழுவதையும் அவைதான் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு தோற்றம். எஃகுக் கூட்டில் மூலைக்கு அப்படித் தனிச் சுமை எதுவும் கிடையாது.

இதை வைத்துச் சலிவனைக் குறை சொல்வோர் பலர். நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். இரண்டு மடங்கு இடைவெளியில் மட்டும் தூண் நின்றிருந்தால் ஜன்னல்கள் அகன்று, கட்டடம் அகலமாகத் தெரிந்திருக்கும்; உயரம் போயிருக்கும். உயரத்தைக் காட்டுவதா, எஃகைக் காட்டுவதா என்ற இடத்தில் அவர் உயரத்தைத் தேர்ந்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கேரண்டியைப் பார்க்கும்போது அது தெரியும்.

கேரண்டியில் அப்படி என்ன மாறியது?

சுவர் மாறியது. வெயின்ரைட்டில் செங்கல்லும் கல்லும் இன்னும் பழைய சுவர்போலவே நடிக்கின்றன. கனமாக இருக்கின்றன, தாங்குவதுபோல் நிற்கின்றன. கேரண்டியில் தெருப்பக்கத்து இரு முகங்களிலும் கல்லும் இல்லை, செங்கல்லும் இல்லை. அடி முதல் நுனி வரை செம்மஞ்சள் நிறச் சுடுமண் ஓடுகள். அந்த ஓடுகள் முழுவதும் செதுக்கல். தூணின்மீது, பலகத்தின்மீது, வளைவின்மீது, கூரை விளிம்பின் அடியில்கூட விட்டுவைக்கவில்லை. முதலில் பார்ப்பவருக்கு இது ஆடம்பரம் என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் பார்த்தால் அதன் விளைவு தலைகீழாக இருப்பது புரியும். பாரம் சுமக்கும் கல்லை யாரும் சல்லடைபோல் செதுக்க மாட்டார்கள். நெய்த துணிபோல் பூவேலை நிறைந்த ஒரு மேற்பரப்பைப் பார்க்கும்போது, இது எதையும் தாங்கவில்லை, இது ஒரு போர்வை, சுமப்பது உள்ளே இருக்கிறது என்று கண் தானாகவே உணர்ந்துகொள்கிறது. அலங்காரத்தை வைத்தே அமைப்பைச் சொல்லிவிட்டார் சலிவன்.

தரைத்தளத்தைப் பாருங்கள். அங்கே தூண்கள் தனியாக வெளியே தெரிகின்றன. கடைக் கண்ணாடிகள் அவற்றைச் சுற்றி விலகி நிற்கின்றன. மேலே ஓடும் மெல்லிய தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் தரைவரை இறங்குகிறது. எவை உண்மையில் சுமக்கின்றன என்பது தரைத்தளத்திலேயே தெரிந்துவிடுகிறது. வெயின்ரைட்டில் மறைத்ததை இங்கே சொல்லிவிட்டார். கட்டடத்தைத் தூண்கள்மேல் நிறுத்திக் கீழே வெளியைத் திறந்துவிடும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பரவலானது. அதன் விதை இங்கே கிடக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

மேலே தூண்கள் வெயின்ரைட்டில் இருப்பவற்றைவிட மெல்லியவை. மூலையும் அந்த அளவுக்கு முரட்டுத்தனமாக இல்லை. ஜன்னல் வரிசைகள் மேலே போய் அரைவட்ட வளைவுகளாகச் சேர்கின்றன. வெயின்ரைட்டில் அவை பட்டையில் முட்டிச் சதுரமாக நின்றுவிட்டன. கேரண்டியின் உச்சித் தளத்தில் வட்ட ஜன்னல்களைச் சுற்றிச் செடி கிளைத்துப் படர்கிறது. சுவர் அப்படியே வெளிப்பக்கம் வளைந்து கூரை விளிம்பாகிறது. கோயில் மண்டபக் கூரையின் வளைந்த விளிம்பான கொடுங்கையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வளைவு அன்னியமாகத் தெரியாது. ஆனால் கொடுங்கை கீழ்நோக்கி வளையும். இது மேல்நோக்கி விரிகிறது. வெயின்ரைட்டின் மூடிபோல் எழுச்சியை வெட்டி நிறுத்தாமல், எழுந்து வந்தது மெல்லக் கவிழ்ந்து முடிவதுபோல் செய்திருக்கிறார்.

சுடுமண்ணை ஏன் தேர்ந்தார்கள்? அத்தனை செதுக்கலையும் கையால் செய்தார்களா?

முதல் காரணம் நெருப்பு. 1871இல் சிகாகோ எரிந்தபோது வெறும் இரும்பும் நம்ப முடியாத பொருள் என்பது தெரிந்தது. சூட்டில் அது நெளிந்துவிடும். எஃகைச் சுற்றிச் சுட்ட மண்ணைப் போர்த்தினால் தீ அதை நெருங்க நேரமாகும். இரண்டாவது எடை. உள்ளே குடைந்த சுடுமண் கட்டி, அதே அளவுக் கல்லைவிட மிகவும் இலேசு. கூட்டின்மேல் தொங்கும் போர்வைக்கு அதைவிடத் தோதான பொருள் அன்று இல்லை.

செதுக்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக உளியால் செய்ததல்ல. முதலில் களிமண்ணில் ஒரு மாதிரி செய்வார்கள். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் ஈரக் களிமண்ணைக் கையால் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுடுவார்கள். காய்ந்து வேகும்போது மண் சுருங்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கு. அதனால் மாதிரியையே அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். அப்படியிருந்தும் தளத்துக்குத் தளம், கட்டிக்குக் கட்டி கோடு பிசகாமல் சேர்ந்திருக்கிறது. ஓர் அச்சில் நூறு கட்டி எடுக்கலாம் என்பதால்தான் இத்தனை பூவேலை பணத்துக்குக் கட்டுப்படியாயிற்று. தொழிற்சாலை முறையையும் கைவேலையையும் ஒரே கட்டடத்தில் இப்படிச் சேர்த்தது எனக்கு இன்றும் வியப்பு.

‘வடிவம் பயனைப் பின்பற்றும்’ என்று சொன்னவர் இவர்தானே? பிறகு எதற்கு இத்தனை பூவும் கொடியும்?

இவர்தான் சொன்னார், கேரண்டி முடிந்த அதே 1896ஆம் ஆண்டில், உயரமான அலுவலகக் கட்டடம் பற்றி எழுதிய கட்டுரையில். பிற்காலத்தில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டவர்கள், அலங்காரம் வேண்டாம் என்பதற்கு அதை ஆயுதமாக்கிக்கொண்டார்கள். சலிவனுக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை.

அந்தக் கட்டுரையில் அவர் காட்டும் உதாரணங்கள் இயந்திரங்கள் அல்ல: பறக்கும் கழுகு, பூத்த ஆப்பிள் மரம், வண்டி இழுக்கும் குதிரை, கிளை பரப்பிய ஓக் மரம். இவை ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறதோ அதுவாகவே தோன்றுகிறது என்பதுதான் அவர் வாதம். ஓக் மரத்தின் வடிவம் அதன் இலையையும் சேர்த்துத்தான். அவர் அலங்காரத்தைக் கட்டடத்தின்மேல் ஒட்டும் பொருளாக நினைக்கவில்லை. விதையிலிருந்து கிளம்பி இலை விடுவதுபோல் கட்டடத்திலிருந்தே அது கிளம்ப வேண்டும் என்று நினைத்தார். கேரண்டியின் ஓடுகளில் விதைக்காய் வெடிப்பதுபோன்ற வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் இல்லை.

உச்சியில் மட்டும் ஏன் வட்ட ஜன்னல்?

இதற்கும் அதே கட்டுரையில் விடை இருக்கிறது. சலிவன் கட்டடத்தை வேலைவாரியாகப் பிரிக்கிறார். நிலத்தடியில் கொதிகலன்களும் இயந்திரங்களும். முதல் தளத்தில் கடைகள். இரண்டாம் தளம் எளிதில் படியேறிப் போகக்கூடியது என்பதால் அதுவும் சற்றுத் தாராளமானது. அதற்கு மேல் தேன்கூட்டின் அறைகள்போல் ஒன்றைப்போலவே ஒன்றான அலுவலகங்கள். உச்சியில் தொட்டிகளும் குழாய்களும் லிஃப்ட் இயந்திரங்களும். கீழிருந்து ஏறிவரும் குழாய்கள் அங்கே திரும்பி மறுபடி இறங்குகின்றன. அங்கே மனிதருக்கு உட்கார்ந்து வேலை பார்க்கும் ஜன்னல் தேவையில்லை. ஆகவே அங்கே ஜன்னலின் வடிவம் மாறுகிறது.

கேரண்டியின் மேல் வளைவுகளைப் பார்க்கும்போது, ஏறிவந்தது திரும்பிப் போகும் அந்த இடத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

உள்ளே எப்படி?

இரண்டும் ஆங்கில ‘யு’ எழுத்து வடிவத் தளவமைப்பு. தெருப்பக்கம் இரண்டு முகங்கள். பின்னால் மேலிருந்து கீழ்வரை திறந்த ஒரு முற்றம். மின்விளக்கு மங்கலாக எரிந்த காலம் அது. ஜன்னல் வெளிச்சம் வராத அறைக்கு வாடகைக்கு ஆள் வராது. எல்லா அறைக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்கச் செய்த வழி அந்த முற்றம். தெருவுக்குத் தெரியாத பின்பக்கச் சுவர்களில் அலங்காரம் கிடையாது. இரண்டிலும் வெறும் செங்கல்.

கேரண்டியின் நுழைவுக்கூடம் தனியாகப் பார்க்க வேண்டியது. பளிங்கு, மொசைக், வண்ணக் கண்ணாடிக் கூரை, லிஃப்ட்டுகளுக்கு முன் இரும்பில் பின்னிய கம்பி வேலைப்பாடு. வெளிச் சுவரில் தொடங்கிய கொடி உள்ளே வந்து உலோகத்தில் தொடர்கிறது.

யார் பணத்தில் கட்டியவை?

வெயின்ரைட்டின் உரிமையாளர் எல்லிஸ் வெயின்ரைட், செயின்ட் லூயிஸின் பீர் ஆலை அதிபர். கட்டடம் முடிந்த 1891ஆம் ஆண்டிலேயே அவருடைய இளம் மனைவி சார்லட் இறந்துபோனார். அவருக்குக் கல்லறை கட்டும் வேலையையும் சலிவனிடமே கொடுத்தார். பெல்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அந்தச் சிறிய குவிமாடக் கல்லறை சலிவனின் மிக அமைதியான படைப்பு. பிற்பாடு எல்லிஸ்மீது லஞ்ச வழக்கு வந்தது. பல ஆண்டுகள் வெளிநாட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பினார். 1924இல் காலமானார். சலிவனும் அதே ஆண்டில்தான்.

கேரண்டியைக் கட்ட நினைத்தவர் ஹாஸ்கல் டெய்லர் என்ற எண்ணெய் வணிகர். ஊரிலேயே பெரிய, சிறந்த அலுவலகக் கட்டடம் தன் பெயரில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. வேலை தொடங்குமுன் 1894இல் இறந்துவிட்டார். கட்டித்தர ஒப்பந்தமாகியிருந்த கேரண்டி கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியே திட்டத்தை எடுத்துக்கொண்டது. அதனால் அந்தப் பெயர். 1898இல் புரூடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் கடன் கொடுத்தபோது புரூடென்ஷியல் கட்டடம் என்று மாறியது. பழைய புத்தகங்களில் இந்த இரண்டாவது பெயரில்தான் தேட வேண்டும்.

சலிவன் ஒருவர் மட்டும்தானா?

இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டுமே ‘அட்லர் – சலிவன்’ நிறுவனத்தின் வேலைகள். டான்க்மார் அட்லர் ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். உள்நாட்டுப் போரில் பொறியியல் பணி செய்தவர். எஃகும் அடித்தளமும் ஒலியமைப்பும் அவர் கையில் இருந்தன. வாடிக்கையாளர்களோடு பேசி வேலை கொண்டுவந்தவரும் பெரும்பாலும் அவரே. சலிவன் கோடு போட, அது விழாமல் நிற்க வைத்தவர் அட்லர். கேரண்டியின் அலங்கார வரைபடங்களில் ஜார்ஜ் எல்ம்ஸ்லி என்ற உதவியாளரின் கையும் உண்டு.

1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. புதிய வேலைகள் நின்றன. 1895இல், கேரண்டி எழுந்துகொண்டிருந்தபோதே, அட்லர் கூட்டு நிறுவனத்தை விட்டு விலகி லிஃப்ட் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். சில மாதங்களில் மனம் மாறித் திரும்பிவர முயன்றார். சலிவன் சேர்த்துக்கொள்ளவில்லை. 1900இல் அட்லர் இறந்தார். சலிவன் மேலும் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வளவு நீண்ட காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகள் சொற்பம். சிற்றூர்களில் சில அருமையான வங்கிக் கட்டடங்கள் கட்டினார். சிகாகோவில் ஓட்டல் அறையொன்றில், நண்பர்களின் உதவியில் வாழ்ந்து, ஏப்ரல் 1924இல் இறந்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தது 1944இல்.

அந்தக் கதவை அட்லருக்குத் திறந்திருந்தால் இன்னும் எத்தனை கேரண்டிகள் வந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இரண்டையும் இடிக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1970களில் இரண்டும் மயிரிழையில் தப்பின. வெயின்ரைட்டுக்கு ஆபத்து வந்தபோது, அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசிய அறக்கட்டளை அதை வாங்கும் உரிமையைத் தன் கையில் எடுத்துக் காலத்தை நீட்டியது. 1974இல் மிசௌரி மாநில அரசு வாங்கி, அலுவலக வளாகத்தின் பகுதியாகச் சேர்த்துக்கொண்டது. புதுப்பித்தபோது பின்பக்க முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டார்கள்.

கேரண்டியில் 1974இல் தீ பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இடிக்கும் பேச்சு வலுத்தது. ஊர் மக்கள் எழுந்தார்கள். செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் துணைநின்றார். 1980களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் ஒரு சட்ட நிறுவனம் அதை வாங்கித் தன் தலைமையகமாக்கியது. இரண்டும் தேசிய வரலாற்றுச் சின்னங்கள்: வெயின்ரைட் 1968 முதல், கேரண்டி 1975 முதல்.

எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சிகாகோவில் அவர்கள் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடம் 1972இல் இடிக்கப்பட்டது. இடிபாட்டுக்குள் சலிவனின் அலங்காரத் துண்டுகளை மீட்கப் போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல், மேல்தளம் சரிந்து அங்கேயே உயிர்விட்டார். வாழ்நாளில் பெரும்பகுதியைச் சலிவனின் கட்டடங்களைப் படமெடுப்பதிலும் காப்பதிலும் செலவிட்டவர் அவர். இன்று சலிவனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் கணிசமானவை அவர் சேர்த்தவை.

கடைசியில் எது சிறந்தது?

பாடப்புத்தகம் வெயின்ரைட் என்று சொல்லும். முதலில் வந்தது, அதன் தெளிவு முரட்டுத்தனமான தெளிவு, ஒரு குழந்தைக்குக்கூட விளக்கிவிடலாம். அதை நான் மறுக்கவில்லை.

என் மனம் கேரண்டியின் பக்கம். வெயின்ரைட்டில் உயரம் என்ற ஒன்றைச் சொல்ல, சுவரைப் பழைய சுவராகவே விட்டுவைத்தார். கேரண்டியில் உயரத்தையும் விடாமல், சுவர் என்பது இனி போர்வைதான் என்பதையும் ஒப்புக்கொண்டார். அதை ஒப்புக்கொள்ளும்போது சுவரை மொட்டையாக்காமல், இதுவரை சுவருக்குக் கிடைக்காத அழகைக் கொடுத்து அனுப்பினார். பின்னால் வந்த கண்ணாடிக் கோபுரங்கள் அவரிடமிருந்து போர்வையை எடுத்துக்கொண்டன, அழகை விட்டுவிட்டன.

நேரில் போக முடியாதவர்கள் எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் வரலாற்றுக் கட்டட ஆவணப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு கட்டடங்களுக்கும் உண்டு. முழுப் படத்தில் நிற்காமல், இரண்டிலும் ஒரே இடத்தை எடுத்து வையுங்கள். முதலில் தரைத்தளத் தூண். பிறகு மூலை. பிறகு ஜன்னல் வரிசை உச்சிப் பட்டையைத் தொடும் இடம். கடைசியாக, ஒரு தூணும் ஒரு பலகமும் சந்திக்கும் கோணத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெயின்ரைட்டில் தூண் வெறும் செங்கல்லாக இருக்கும். பூவேலை பலகத்தோடு நின்றுவிடும். கேரண்டியில் அந்தக் கொடி பலகத்தோடு நிற்காமல் தூணின்மேலும் ஏறியிருக்கும்.